படிக்கட்டு ஓரத்துப் படம்

சனிக்கிழமை மாலை நாலு பத்துக்கு என் கையில் ஒரு மாலை மிஞ்சியது. தப்பு அந்த நிமிடத்தில்தான் தொடங்கியது.

நான் ஏணியின் மேல்படியில் நின்றிருந்தேன். கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவர் எங்கள் தமிழ்ப் பள்ளியில் படிக்கும் இரட்டைப் பையன்களின் அப்பா. மாடி ஹாலின் நீளச் சுவரில் வரிசையாகத் தொங்கிய பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் எல்லாவற்றுக்கும் கார்னேஷன் பூ மாலை போட்டாகிவிட்டது. மேடைக்கென்று கோர்த்த மாலை நீளம் போதவில்லை. அதுதான் மிஞ்சியது.

"அங்க ஒண்ணு பாக்கி இருக்கு பாருங்க சார்," என்றார் அவர்.

படிக்கட்டு ஓரம், கோட் மாட்டும் கொக்கிகளுக்கு மேலே, ஓர் இளம்பெண்ணின் கலர் படம். நடு வகிடு எடுத்த நீளக் கூந்தல், சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசிக்கிற முகம். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனிக்கிழமையும் அதைத் தாண்டித்தான் ஏறி இறங்கியிருக்கிறேன். யார் என்று கேட்டதில்லை.

"எல்லாருக்கும் போட்டுட்டு அந்தப் பொண்ணு மட்டும் மொட்டையா நின்னா நல்லாவா இருக்கு?"

பந்தியில் ஓர் இலைக்கு மட்டும் பரிமாறாமல் போவது போலத்தான் எனக்கும் பட்டது. ஏணியை நகர்த்தினோம். மாலையைப் போட்டேன். என் மனைவி நூல் துண்டுகளைப் பொறுக்கிக்கொண்டே, நிமிர்ந்து பார்க்காமல், சந்தனக் கிண்ணத்தை நீட்டினாள். கண்ணாடியின் மேல், அந்தப் பெண்ணின் நெற்றி வரும் இடத்தில், சந்தனமும் குங்குமமும் வைத்தேன்.

"இப்பதான் நிறைவா இருக்கு," என்றார் இரட்டையர் அப்பா.

அந்தக் கட்டடத்தைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது. அமெரிக்காவில், நியூஜெர்சியின் பார்சிப்பனியில் நாங்கள் இருந்த அபார்ட்மெண்டிலிருந்து கொஞ்ச தூரம், பழைய ஊரின் மேட்டுத் தெருவில், மரத்தால் கட்டிய சின்ன சர்ச் அது. மற்ற சர்ச்சுகளைப் போல இல்லை. சிலுவை கிடையாது. மேடைக்குப் பின்னால் வண்ணக் கண்ணாடியில் ஒரு பெரிய சூரியகாந்திப் பூ. கூரையில் மணிக்கூண்டு உண்டு, மணி கிடையாது. இறந்தவர்கள் உண்மையில் இறப்பதில்லை, அடுத்த அறைக்குப் போகிறார்கள், அங்கிருந்து பேசுகிறார்கள் என்று நம்புகிறவர்களின் சபை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேடையில் நிற்பவர், கீழே உட்கார்ந்திருக்கும் ஒருவரைக் காட்டி, "நான் உங்களிடம் வரலாமா?" என்று அனுமதி கேட்பார். அவர் சரி என்றால்தான், அவருடைய அப்பாவோ அத்தையோ சொல்வதாக ஏதாவது சொல்வார்.

எங்கள் ஆட்களுக்கு இது தெரியவந்தபோது, கீழ்த்தள அறையை வாடகைக்கு எடுத்துத் தமிழ் வகுப்பு தொடங்கி ஒரு மாதம் ஆகியிருந்தது. ஒரு குடும்பம் உடனே நின்றுவிட்டது. மற்றவர்கள் கூட்டம் போட்டுப் பேசினோம். எல்லாரும் என்ஜினியர்கள், டாக்டர்கள். "எனக்கு இதுல எல்லாம் நம்பிக்கை இல்ல, ஆனா குழந்தைங்க பயந்துக்கும்" என்றே ஒவ்வொருவரும் தொடங்கினோம். கடைசியில், இருட்டுவதற்குள் வகுப்பை முடித்துவிடுவது என்று முடிவானது. என் மனைவி அதற்குப் பிறகு கைப்பையில் ஓர் எலுமிச்சம்பழம் வைத்துக்கொண்டாள். குழந்தைகள் பயப்படவே இல்லை.

சபையை நடத்தியவர் எழுபதைத் தாண்டிய ஓர் அம்மாள். எங்கள் பிள்ளைகள் அவரை சர்ச் ஆன்ட்டி என்று கூப்பிடப் பழகி, நாங்களும் அப்படியே கூப்பிட்டோம். என் மகள் உதவி ஆசிரியையாகச் சின்னவர்களுக்கு அ, ஆ எழுதக் காட்டுவாள். அவள் வகுப்பு முடியும்வரை நான் மாடியில் உட்கார்ந்திருப்பேன். சர்ச் ஆன்ட்டி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு, தூசி துடைத்துக்கொண்டே கட்டடத்தின் கதையைச் சொல்வார். அவர் பேசியது ஆங்கிலம். என் ஞாபகத்தில் என்னவோ அது தமிழாகவே தங்கிவிட்டது.

தொடங்கியது தொப்பித் தொழிற்சாலை முதலாளியின் மனைவி என்றார். சுவரில் முதல் படம் அவருடையது. தொண்டை அடைப்பான் கண்டு இரண்டு குழந்தைகளை ஒரே குளிர்காலத்தில் பறிகொடுத்தவர். வீட்டு முன்னறையில் நாலு பேர் மேஜையைச் சுற்றி உட்கார்ந்ததில் ஆரம்பித்தது. முன்னறை போதாமல் இந்த ஹாலைக் கட்டினார்கள். ஊரிலிருந்த மற்ற சர்ச்சுகள் இவர்களுக்கு எதிராகப் பிரசங்கம் செய்தன. யாரோ கல்லெறிந்து பின் ஜன்னலை உடைத்தார்கள். உடைந்த இடத்தில்தான் சூரியகாந்தி வந்தது.

"மணி ஏன் இல்லை?" என்று கேட்டேன்.

"ஊர்க்காரர்கள் ஒத்துக்கொள்ளவில்லை, டியர். நாங்கள் மணியடித்தால் செத்தவர்கள் எழுந்து வந்துவிடுவார்கள் என்று பயம். புறாக்களுக்கு விட்டுவிட்டோம்."

முதல் உலகப் போர் முடிந்த காலத்தில் படிக்கட்டு முழுக்க, தெரு வரைக்கும் ஆட்கள் நின்றார்களாம். பிள்ளைகளைப் போரிலும் காய்ச்சலிலும் இழந்தவர்கள். அந்தக் கூட்டத்துக்குச் சாப்பாடு போடத்தான் சபை ஆண்கள் மண்வெட்டி எடுத்துக் கீழ்த்தளத்தைத் தோண்டினார்கள். நாங்கள் அகர வரிசை அட்டையை மாட்டிய சுவர் அவர்கள் கட்டியது. பிறகு கூட்டம் குறைந்துகொண்டே வந்தது. நாங்கள் போனபோது ஞாயிறுகளில் வருகிறவர்கள் ஒரு வேனில் அடங்கிவிடுவார்கள். அவர்களில் ஒருவர் ஓய்வுபெற்ற ஸ்கூல் பஸ் டிரைவர். கதவு திறப்பது, அடைப்பது, பனி தள்ளுவது எல்லாம் அவர்தான்.

ஒரு பொங்கலுக்கு சர்ச் ஆன்ட்டியை வீட்டுக்குக் கூப்பிட்டோம். சாப்பிட்டு முடித்து, ஹாலில் மாட்டியிருந்த படங்களின் முன்னால் நின்றார். அப்பாவின் படத்துக்குச் சந்தன மாலை போட்டிருந்தது. அம்மா ஈரோட்டில் தம்பி வீட்டில் இருந்தார். அவர் படத்துக்கு மாலை இல்லை. ஏன் என்று சர்ச் ஆன்ட்டி கேட்டார். எங்களில் போய்ச்சேர்ந்தவர்கள் படத்துக்குத்தான் மாலை, உயிரோடு இருப்பவர்கள் படத்துக்குத் தப்பித்தவறிக்கூடப் போடமாட்டோம் என்று விளக்கமாகச் சொன்னேன். வீட்டுக்குள் நுழைந்து மாலையைப் பார்த்ததுமே, யாரும் சொல்லாமல், விஷயம் புரிந்துவிடும் என்று பெருமையாக வேறு சொன்னேன்.

அவருக்கு அது மிகவும் பிடித்துப்போயிற்று. சபையின் ஆண்டு விழா வந்தபோது என்னிடம் கேட்டார்: "எங்கள் சுவரில் இருப்பவர்களுக்கும் அந்த மாதிரி பூ போட முடியுமா? இத்தனை வருடத்தில் அவர்களுக்கு யாரும் மாலை போட்டதில்லை."

நாங்கள் பூரித்துப்போனோம். சனிக்கிழமை காலையிலேயே பக்கெட் பக்கெட்டாகக் கார்னேஷன் வாங்கிவந்தோம். என் மனைவி நிலக்கோட்டைக்காரி. பூத் தொடுப்பதில் அவளுக்கு இணையாக அந்த மாநிலத்தில் ஆள் இருந்திருக்க முடியாது. கீழ்த்தளத்தில் பெண்கள் உட்கார்ந்து ஊசியில் கோர்த்தார்கள். பக்கெட்டுகளைப் பார்த்து பஸ் டிரைவர் கிழவர், "கார்னேஷனா? இங்கே யாரும் அதைக் கொண்டு வந்து ரொம்ப நாளாயிற்று," என்றார். பாராட்டு என்று எடுத்துக்கொண்டு சிரித்தேன்.

ஐந்து மணிக்கு சர்ச் ஆன்ட்டி நீல உடையில் படியேறி வந்தார். எங்கள் பிள்ளைகளும் பட்டுப்பாவாடை, ஜிப்பாவில் வந்து உட்கார்ந்திருந்தார்கள். அவர் வரிசையாகப் படங்களைப் பார்த்துக்கொண்டே வந்தார். ஒவ்வொரு மாலையையும் தொட்டார். தொப்பி முதலாளியின் மனைவி படத்திடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். பிறகு கோட்டைக் கழற்றி மாட்டுவதற்காகத் திரும்பினார்.

கோட் அவர் கையிலேயே இருந்தது. வெகுநேரம் அந்தப் படத்தைப் பார்த்தார். குங்குமப் பொட்டுக்கு நேராக விரலைக் கொண்டுபோய், தொடாமல் நிறுத்தினார்.

"இதை யார் போட்டது?"

"நான்தான்," என்றேன். நன்றி சொல்லப்போகிறார் என்று நினைத்துச் சிரித்தபடியே சொன்னேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் காது மடல் சூடாகிறது.

"உனக்கு எப்போது தெரிந்தது?"

எனக்குப் புரியவில்லை. அவர் அப்படியே பெஞ்சில் உட்கார்ந்தார். பஸ் டிரைவர் கிழவர் என் முழங்கையைப் பிடித்துப் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு போனார்.

"அது அவருடைய மகள்," என்றார். "அந்த வரிசையில் அவள் இல்லையே, பார்க்கவில்லையா நீ? கோட் மாட்டுகிற இடத்தில் இருக்கிறாள். வருகிறவர்கள், போகிறவர்கள் பக்கம்."

மிச்சத்தை அவர் படியில் நின்றபடியே சொன்னார். மகளுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, சபை நடுவில் எழுந்து, அம்மா சொல்வதெல்லாம் வேஷம் என்று சொன்னாள். நம்பாதவளுக்கு என் வீட்டில் இடமில்லை என்று அம்மா மேடையிலிருந்தே சொன்னார். அவள் போனாள். இருபது வருடத்துக்கு மேல் ஆகிறது. ஒரு போன் கிடையாது.

"இத்தனை வருடமாக மேடையில் நிற்கிறாரே, எல்லாருடைய பிள்ளைகளும் அவரிடம் வந்து பேசியிருக்கிறார்கள். அவருடையவள் ஒரு தடவைகூட வந்ததில்லை. வராதவரைக்கும் அவள் எங்கோ உயிரோடு இருக்கிறாள் என்று அர்த்தம். அதை வைத்துக்கொண்டுதான் இவர் நடமாடுகிறார். இப்போது நீ மாலை போட்டிருக்கிறாய்."

மாலைக்கு என்ன அர்த்தம் என்று அந்த அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்தவனும் நான்தான்.

மேலே ஓடினேன். அவர் முன்னால் குனிந்து, தெரியாமல் செய்துவிட்டேன், அந்தப் படம் யாருடையது என்றே தெரியாது, ஒரு மாலை மிஞ்சியது, அவ்வளவுதான் என்று திரும்பத் திரும்பச் சொன்னேன். அவர் என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

"தெரியாமல்தான் செய்வார்கள், டியர். அப்படித்தான் எப்போதும் வரும்."

நான் விளக்கம் சொல்லச் சொல்ல அவருக்கு அது உறுதியாகிக்கொண்டு வந்தது. ஒன்றும் தெரியாத ஓர் அந்நியன், யாரும் சொல்லாமல், சரியாக அந்தப் படத்துக்குப் போய் மாலை போடுகிறான். அவர் மதத்தில் இதைவிடத் தெளிவான செய்தி கிடையாது.

விழாவை அவர் நடத்தினார். "நான் உங்களிடம் வரலாமா?" என்று யாரையும் கேட்கவில்லை. கீழே இட்லிப் பாத்திரங்களை எடுத்துவைக்கும்போது இரட்டையர் அப்பா என் பக்கத்தில் வந்து நின்றார்.

"நான்தான் சார் சொன்னேன், பாக்கி இருக்குன்னு. என் வாய வச்சுக்கிட்டு சும்மா இருந்திருக்கலாம்." இட்லித் தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "அடுத்த மாசம் லீஸ் ரினியூ பண்ணனும். இதுனால ப்ராப்ளம் வராதுல்ல?" என்றார்.

அவரை முறைத்தேன். ஆனால் படிக்கட்டில் கிழவர் பேசி முடித்ததும் என் மனதில் முதலில் ஓடியதும் அதுதான். இந்த ஹால் போய்விடுமோ. ஒரு தாயிடம் உன் மகள் செத்துவிட்டாள் என்று சொல்லியிருக்கிறேன், என் கவலை வகுப்பறையைப் பற்றி.

திரும்பும்போது காரில் என் மகள் பின்சீட்டில் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தாள். பதினைந்து வயது. அந்த வருடம்தான் அறைக் கதவைச் சாத்திக்கொள்ள ஆரம்பித்திருந்தாள். அவள் வர ஐந்து நிமிடம் தாமதமானால் நான் ஹைவேயில் ஆம்புலன்ஸ் சத்தம் கேட்கிறதா என்று பால்கனியில் போய் நிற்கிற ஆள்.

"யூ டோல்ட் ஹர் ஹர் கிட் இஸ் டெட், அப்பா," என்றாள். "லைக், வித் ஃப்ளவர்ஸ்."

"யாருக்குடி தெரியும் அது?" என்றாள் என் மனைவி. பிறகு என்னிடம், தணிந்த குரலில்: "யாருன்னு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல. நானும் நிமிந்து பாக்காம கிண்ணத்த நீட்டிட்டேன் பாருங்க. பொட்டு வேற."

மறுநாள் தனியாகப் போனேன். மாலையைக் கழற்றிவிடுகிறேன் என்று சொன்னேன். வேண்டாம் என்றார். அழுதிருக்கவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. ஒரே நாளில் உடம்பு சின்னதாகிப்போனது போலிருந்தார். மகளுக்கு நினைவுக் கூட்டம் வைக்கப்போகிறேன், அந்தப் படத்தோடு ஊர்ப் பேப்பரில் அறிவிப்பு வரும் என்றார். பிறகு மிகவும் மரியாதையாகக் கேட்டார்: "உன் மனைவி இன்னொரு முறை பூக் கட்டித் தருவாரா? அவளுக்கு மட்டும், பெரிதாக."

சரி என்று தலையாட்டிவிட்டு வந்தேன். வேறு என்ன செய்ய?

என் மனைவி முடியாது என்று சொல்லிவிட்டாள்.

"அந்தப் பொண்ணு இருக்கா இல்லையான்னு யாருக்கும் தெரியாது. ஒரு தடவ தெரியாம போட்டோம். தெரிஞ்சே இன்னொரு தடவ என் கையால கட்ட மாட்டேன். நமக்கும் ஒரு பொண்ணு இருக்கு."

"அந்தம்மா கேட்டுட்டாங்க. நான் சரின்னு சொல்லிட்டேன்."

"நீங்க எல்லாத்துக்கும் சரின்னுதான் சொல்லுவீங்க. அந்த மாலையையும் அப்படித்தான் போட்டீங்க."

அந்த வாரம் முழுவதும் ஜெர்சி சிட்டியில், வங்கி அலுவலகத்தில், திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். இரவில் எழுந்து மகள் அறைக் கதவில் காதை வைத்து, மூச்சு கேட்கிறதா என்று பார்த்தேன். ஒருநாள் அவள் கதவைத் திறந்து, "வாட் ஆர் யூ டூயிங்?" என்றாள். "அப்பா, கோ டு ஸ்லீப்," என்று சொல்லிவிட்டு, அன்றைக்குக் கதவைக் கொஞ்சம் திறந்தே வைத்தாள்.

இதை எழுதும் நேரத்தில் அந்தச் சபை அங்கே இல்லை. கட்டடத்தை ஒரு நடனப் பள்ளி எடுத்துக்கொண்டது. எங்கள் வகுப்பும் ஒரு பள்ளிக்கூடத்து உணவறைக்கு மாறிவிட்டது. சூரியகாந்தி இன்னும் இருப்பதாகக் கேள்வி. நான் அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. யார் வீட்டில் மாலை போட்ட படத்தைப் பார்த்தாலும் அது யார் என்று முதலில் கேட்டுவிடுகிறேன்.

நினைவுக் கூட்டம் நடந்த ஞாயிற்றுக்கிழமை மழை தூறிக்கொண்டிருந்தது. மாலை இல்லாமல் போனேன். என் மனைவியும் மகளும் கூட வந்தார்கள். மனைவி ஒரு தட்டில் உதிரி ரோஜா இதழ்கள் எடுத்துவந்திருந்தாள். அது எதற்கு என்று அவளுக்கே தெரியவில்லை, வெறுங்கையாகப் போகக் கூடாது என்றாள். ஊர்ப் பேப்பரைப் பார்த்து, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஆட்கள் வந்திருந்தார்கள். படிக்கட்டு ஓரத்துப் படத்தை எடுத்து மேடையில், சூரியகாந்திக்குக் கீழே ஒரு முக்காலியின் மேல் வைத்திருந்தார்கள். நான் போட்ட மாலை காய்ந்து, விளிம்பெல்லாம் பழுப்பேறி அதிலேயே இருந்தது.

சர்ச் ஆன்ட்டி என் கைகளைப் பார்த்தார். பிறகு தட்டைப் பார்த்தார்.

"மாலை எங்கே, டியர்?"

முன்வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பினார்கள். என் மனைவிக்கு விருப்பமில்லை என்று சொன்னால் அவளைக் காட்டிக்கொடுத்தது போலாகும். நேரம் கிடைக்கவில்லை என்றால் பொய். உங்கள் மகள் உயிரோடு இருக்கலாம் என்று சொல்ல எனக்கு என்ன யோக்கியதை? முன்பின் யோசிக்காமல் சாவைச் சொன்னவன் நான். ஐம்பதை நெருங்குகிறவன், பள்ளிப் பையனைப் போலத் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். என் மகள் பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்பது முதுகில் தெரிந்தது.

"நான்தான் கட்டல, ஆன்ட்டி," என்று என் மனைவி தன் ஆங்கிலத்தில் மெல்லத் தொடங்கினாள்.

கீழே கதவு திறக்கும் சத்தம் கேட்டது. யாரோ காலைத் தேய்த்துத் துடைத்துக்கொண்டார்கள். படிக்கட்டில் காலடி. பஸ் டிரைவர் கிழவர்தான் முதலில் எழுந்து நின்றார்.

நாற்பது தாண்டிய ஒரு பெண். வெட்டிய முடி நனைந்து ஒட்டியிருந்தது. ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்கள் போடுகிற வெள்ளை ஷூ. கையில் கார் சாவி. பழைய பள்ளித் தோழி ஒருத்தி பேப்பரைப் பார்த்துவிட்டுப் போன் செய்ததும், பென்சில்வேனியாவிலிருந்து நேராக வண்டி ஓட்டி வந்திருக்கிறாள் என்பது எங்களுக்குப் பிற்பாடுதான் தெரிந்தது. அவள் யாரையும் பார்க்கவில்லை. கோட்டைக் கழற்றி, பார்க்காமலேயே, பழகிய கையால் கொக்கியில் மாட்டினாள். கொக்கிக்கு மேலே வெறும் ஆணி மட்டும் இருப்பதைக் கவனித்தாள். பிறகு மேடையைப் பார்த்தாள், முக்காலியில் தன் படத்தையும் காய்ந்த மாலையையும் பார்த்தாள், பக்கத்தில் நின்றிருந்த அம்மாவைப் பார்த்தாள்.

"அதை யாராவது கழற்றுங்கள்," என்றாள். "கார்னேஷன் எனக்கு ஒத்துக்கொள்ளாது. அம்மாவுக்குத் தெரியும்."